தட்டில் வைத்த போன்

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற தொழில் இந்தப் பூமியில் இன்றோடு முடிந்தது என்பது கோகுலகிருஷ்ணனின் தீர்ப்பு. கோடிங்கைப் போட்டு வைக்கிற ரெப்போவிலிருந்தே பத்திரிகை வெப்சைட்டாக ஓடும், காகிதம் எதற்கு என்று அப்பாவைத் தடுத்தவன் அவன்தான்; நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது கற்காலம் என்று நேற்றுகூடச் சிரித்தான். இப்போது கூட்டேரிப்பட்டு வீட்டுக் கூடத்தில், வெற்றிலைத் தட்டின் நடுவே அவனுடைய போன் கிடக்கிறது. வெள்ளைத் திரையில், பக்கமே இல்லை என்று சொல்லும் 404 மட்டும் நிற்கிறது. முதல் பத்திரிகை வாங்க கிளியனூரிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா பாஞ்சாலி குனிந்து பார்க்கிறாள். "இன்னா தம்பி, பொண்ணு பேரக் காணோம், நம்பருதான் இருக்குது?" "லோடு ஆயிக்கினு இருக்குது அத்த." "ராவுகாலம் வந்துக்கினு இருக்குது. தடங்கலுன்னா நாங்க எழுந்து போயிக்கினே இருப்போம், பாத்துக்க." கதவோரம் அக்கா கலைப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய், என் கல்யாணம்டா," என்கிறாள். முதல் பக்கத்து ஃபைலை ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் போட்டு வைத்தது இப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. வெளியே எடுத்து மறுபடி ஏற்றிவிட்டான். மடியிலிருக்கும் லேப்டாப்பில், வேலை நடப்பதைக் காட்டும் மஞ்சள் புள்ளி சுற்றிக்கொண்டே இருக்கிறது, பச்சையாக மாற மாட்டேன் என்கிறது. ஃபேன் காற்றில் வெற்றிலை நுனி படபடக்கிறது. பாஞ்சாலி செருப்பு கிடக்கும் வாசல் பக்கம் திரும்புகிறாள். கோகுலகிருஷ்ணன் யார் முகத்தையும் பார்க்காமல், சந்தனத்துக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் விரலை நனைத்து, போனின் நாலு மூலையிலும் ஒவ்வொன்றாக மஞ்சள் தடவுகிறான்.