நடக்கலாமா, தாயி?

"அந்த ஊக்கைக் கீழ போடுங்கண்ணே! யாரைக் கேட்டுக் குத்தப் போறீக?"

நர்ஸ் ஜாய்ஸ் போட்ட அதட்டலில் முத்துக்கருப்பனின் கையிலிருந்த ஊக்கு தானாகவே கீழே விழுந்தது. பழனிக்கு மாலை போட்டு நடந்து போகிறவர்களுக்காக வடுகபட்டியில் போட்டிருந்த பந்தலில், பெஞ்சின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, திராட்சைப் பழம் அளவுக்கு ஒரு கொப்புளம்.

"குத்தித் தண்ணிய எடுத்துட்டா வலி போயிரும்ல தாயி?"

"வலியும் போகாது, கிருமி வேற உள்ள போயிரும். அந்தத் தோலுதான் உங்களுக்கு மருந்தே. அதைப் பிச்சுராதீக."

சோப்புத் தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தாள். "தண்ணி தெளிவா இருக்கு. சீழ் இல்ல. சுத்திச் செவக்கல, சூடும் இல்ல. சுகர் இருக்காண்ணே?"

"தோட்டத்துல மம்பட்டி பிடிக்கிற ஒடம்பு. சுகராவது மண்ணாவது! நடக்கலாமா, அதைச் சொல்லு."

"பாரம் படாத மாதிரி சுத்தி வட்டமா பஞ்சு வச்சுக் கட்டிவிடுறேன். மேல சாக்ஸ் மாட்டிக்கிட்டு மெதுவா நடங்க."

"அதெல்லாம் நடக்கக் கூடாது சிஸ்டர்!" என்று குறுக்கே புகுந்தான் அவருடைய மச்சினன் ஈஸ்வரபாண்டி.

முத்துக்கருப்பனுக்குச் சிரிப்பு வந்தது. இவன் சங்கதி அவருக்குத் தெரியாதா? காமயகவுண்டன்பட்டியில் கிளம்பி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, சின்னமனூரிலேயே "பேசாம பஸ் ஏறிருவமா மச்சான்?" என்று கேட்ட சோம்பேறி.

"ஒனக்கு முடியலைன்னா சொல்லு மாப்ள. என் காலைச் சாக்கு வைக்காத."

பிறகு ஜாய்ஸிடம் திரும்பினார். "என் சம்சாரம் தேவயானி, இவனோட அக்காதான், மதுரை ஆஸ்பத்திரியில கெடக்கா தாயி. வெள்ளிக்கிழமை இருதய ஆபரேசன். மக கூட இருக்கா. நானும் இருக்கேன்னுதான் சொன்னேன், அவ கேக்கல. 'வேண்டுனா வேண்டுனதுதான். நீங்க நடந்து போயி முருகனைப் பாத்துட்டு வாங்க, நான் எந்திரிச்சுருவேன்'னு அனுப்பி வச்சா. நான் பாதியில திரும்பி, அவளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"சிஸ்டர், ஒரு நிமிசம் இங்கன வாங்க" என்று ஈஸ்வரபாண்டி அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனான்.

என்ன சொல்லி மடக்கினானோ, திரும்பி வந்த ஜாய்ஸ் ஒரேயடியாக மாற்றிப் பேசினாள்.

"அண்ணே, நான் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன். உள்ள சீழ் வச்சிருக்கு. நடக்க வேணாம். ஊருக்குத் திரும்பிருங்க." காலையே பார்த்துப் பேசினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்பத்தான தெளிவா இருக்குன்னு சொன்ன!" முத்துக்கருப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏலே மாப்ள, ஒங்க அக்காவுக்குப் போனைப் போடு. நடக்கணுமா வேணாமான்னு அவளே சொல்லட்டும்."

"டவர் கெடைக்கல மச்சான்."

"ஊருக்கு நடுவுல நின்னுக்கிட்டு டவர் இல்லையாம்ல! அவ காதுக்குப் போச்சுன்னா ரெண்டு பேரையும் கிழிச்சுருவா, தெரியும்ல?"

"அவுக கோவிச்சுக்க மாட்டாகண்ணே" என்றாள் ஜாய்ஸ் மெல்ல. "ஒரு வார்த்தை கூடச் சொல்ல மாட்டாக. கெளம்புங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவர் அடங்கிப் போனார். கண் கலங்கியது. பழனி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"முருகா, என் கால் செஞ்ச தப்புக்கு அவளைத் தண்டிச்சுராதப்பா. அடுத்த வருசம் ரெண்டு பேருமா நடந்தே வந்துர்றோம்."

ரோட்டோரம் ஒரு வாடகைக் கார் தயாராக நின்றது. கஞ்சப்பயல் காருக்கே சொல்லிவிட்டானே என்று முத்துக்கருப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவரைத் தாங்கித் தூக்க ஈஸ்வரபாண்டி குனிந்தான். கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்த துண்டு நழுவி விழுந்தது.

அவன் கழுத்தில் மாலை இல்லை.

மாலை போட்டவர்கள் காலே ஒடிந்தாலும் நடுவழியில் அதைக் கழற்றுவதில்லை. நெருங்கிய சொந்தத்தில் சாவு விழுந்தால்தான் கழற்றுவார்கள்.

முத்துக்கருப்பனின் கை அந்த வெறுங்கழுத்தைத் தொட்டது. "மாப்ள... கொப்புளம் எனக்குத்தானடா. நீ எதுக்குடா மாலையக் கழத்துன?"

ஈஸ்வரபாண்டி அவர் காலைக் கட்டிக்கொண்டு, "அக்கா..." என்று கத்தி அழுதான்.