வாசிப்பு அறையில் இடமில்லை

யாரோ வாசலில் உதறிய பழைய துண்டிலிருந்து கிளம்பிய பூஞ்சை வித்து ஒன்று, கதவு வழியாக வீசிய காற்றில் ஏறி நூலகத்தின் வாசிப்பு அறைக்குள் புகுந்தது. மின்விசிறி ஓடாத அறை. யாருடைய தும்மலிலோ வந்த பாக்டீரியா ஒன்று அங்கே ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க. ஒரு ஓரமா இருந்துக்கிறேன்."

"வா தம்பி, இடத்துக்கென்ன பஞ்சம்?" என்று பாக்டீரியா நகர்ந்துகொண்டது.

வித்து அறையை ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்காது. அதே துண்டிலிருந்து கிளம்பிய இன்னும் சில வித்துகள் வாசலுக்கு வந்துவிட்டன.

"எங்களையும் சேர்த்துக்குங்க!"

வித்துக்கு வந்ததே கோபம். "இங்கே எள் விழ இடமில்லை. கண்டவனெல்லாம் உள்ளே வந்தா இருக்கிறவங்க என்ன ஆகிறது? முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்கப்பா!"

சாரல் அடிக்கிறதே என்று நூலகர் எழுந்துவந்து கதவைச் சாத்தினார்.

"பார்த்தீங்களா அண்ணே, நம்ம பேச்சுக்கு இருக்கிற மரியாதையை!"

பாக்டீரியா கீழே போய்க்கொண்டிருந்தது. கதவோடு காற்றும் நின்றுபோயிருந்தது. வித்தும் விரித்த பத்திரிகைகளைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, மெல்ல மெல்ல இறங்கியது.

தரையில் தாராளமாக இடம் இருந்தது. ஃபினாயிலில் நனைத்த துணி ஒன்று மூலையிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தது.