மணல்மேட்டில் காலடி

"யாருய்யா அது, மேட்டு மேல நடந்தது?"

டாக்டர் போட்ட சத்தத்தில், கார் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டிருந்த ஆக்டிங் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய பேண்ட்டில் முழங்கால் வரை மணல்.

"நான்தான் சார்."

டாக்டர் பல் டாக்டர். ஊரார் பல்லைப் பார்க்கிறவர், இப்போது தன் பல்லைக் கடித்தார். கடிக்க மாட்டாரா? ராத்திரிக் காற்று தடங்களையெல்லாம் அழித்து மேட்டை வழவழவென்று ஆக்கி வைக்கும். விடிந்ததும் பத்து நிமிடம் சாய்வாக வெளிச்சம் விழும். அந்த ஒரு படத்துக்காகத்தான் கோடை விடுமுறை என்று கிளினிக்கைப் பூட்டிவிட்டு, மனைவியோடு சொந்தக் காரில் கிளம்பி வந்திருந்தார்.

ஆறு நாள் மலைப் பள்ளத்தாக்குகளை எடுத்தாயிற்று. மணல்மேட்டுக்கு இன்றுதான் கடைசிக் காலை. கேமராவில் பார்த்தால், படத்துக்கு நட்டநடுவே வரிசையாகக் காலடிகள்.

"அங்க உனக்கு என்ன வேலை?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "வயித்தக் கலக்கிடுச்சு சார். அவசரம்."

"இவ்வளவு பெரிய பாலைவனத்துல உனக்கு என் மேடுதான் கிடைச்சுதா?"

"தப்புதான் சார்."

"தப்பா? ஒரு வருஷக் கனவுய்யா! எருமை மாடு கூட சுத்திக்கிட்டுப் போயிருக்கும்!"

"விடுங்களேன், பாவம்..." என்றார் டாக்டரின் மனைவி. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக் கொண்டு காரோரம் நின்றிருந்தார்.

"நீ சும்மா இரு. உனக்கு எல்லாரும் பாவம்தான். இவனோட இனி ஒரு கிலோமீட்டர் கூட வர மாட்டேன். நானே ஓட்டிக்கிறேன்."

பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டில் டிரைவரை இறக்கி விட்டார்கள். அவர் பையைத் தோளில் மாட்டிக் கொண்டு ஜன்னலோரம் குனிந்தார்.

"மேடம், கைப்பைக்கு ஜிப்ப நல்லா இழுத்துப் போட்டுக்குங்க. வரேன்."

"புத்திமதி வேற!" என்று டாக்டர் காரைக் கிளப்பினார்.

மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்துப் போட்டுக் கொண்டார். டாக்டர் ஒரு மணி நேரம் திட்டி ஓய்ந்து, ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார்.

"சரி, போனது போகட்டும். பள்ளத்தாக்குப் படமாவது இருக்கே. உன்கிட்ட பத்திரமா வச்சுக்கச் சொல்லிக் கொடுத்தேனே, மெமரி கார்டு டப்பா, அதை எடு. லேப்டாப்ல ஏத்திடலாம்."

மனைவி ஜிப்பைத் திறந்து டப்பாவை நீட்டினார். டாக்டர் மூடியைத் திறந்தார். மடியில் கொஞ்சம் மணல் கொட்டியது.

"இதுக்குள்ள எப்படி மணல் வந்துச்சு?"

மனைவிக்கு அழுகை முட்டிக் கொண்டு வந்தது.

"நேத்து சாயங்காலம் மேட்டு மேல உக்காந்திருந்தோமே, அங்க விழுந்துடுச்சுங்க. ஜிப் போடாம விட்டுட்டேன். விடியறதுக்கு முன்னாடி டிரைவர்கிட்டதான் சொன்னேன். அவர்தான் இருட்டோட போயி, மண்டி போட்டு மணலத் தோண்டி எடுத்துட்டு வந்தாரு. உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

டாக்டர் கார்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஆறு நாள் படமும் உள்ளே பத்திரமாக இருந்தது.

"அடிப்பாவி! அவரை இறக்கி விடும்போதாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் நினைச்சேன். நீங்க அவரைத் திட்டின திட்டைக் கேட்டதும், ஐயோ, நல்லவேளை நாம தப்பிச்சோம்னு இருந்துடுச்சுங்க."