பள்ளி வாசலில் நிற்கும் பந்தயக் கார்

கார்கள் தம்மை ஓட்டியவர்களின் பழக்கப்படியே தாமாக ஓடத் தொடங்கியபின், பழைய ஜெர்மன் பந்தயக் கார்களின் மதிப்பு ஏறியது. கோகிலவாணியின் அப்பா விட்டுச்சென்ற வெள்ளிநிறக் காரை வாங்க வந்தவர், பந்தயத்தில் ஓட்டியவர்களின் பழக்கம் மட்டும் இருந்தால் போதும், அப்பாவுடையதை அழித்துவிடுங்கள் என்றார்.

கோவைப் பட்டறைக்காரர் சபீர் அழித்தார். சோதித்துப் பார்க்க அவரும் கோகிலவாணியும் ஏறினார்கள். அவினாசி சாலையில் கார் சீறிக்கொண்டு போனது. பீளமேட்டில் ஒரு சார்ஜிங் நிலையத்தின் முன்னால் மெல்ல ஓரங்கட்டி நின்றது.

"எத்தனை தடவை அழிச்சாலும் இந்த எடத்துல நின்னுருதுங்க," என்றார் சபீர்.

"இங்கதானுங்க என்ர ஸ்கூல் இருந்துச்சு. நான் கேட் கிட்ட போய்க் கை காட்டுனாத்தான் அப்பா வண்டிய எடுப்பாரு."

"அப்ப ஒருக்கா காட்டிப் பாருங்க. கெளம்பிருச்சுன்னா அந்தப் பழக்கமும் அதோட அழிஞ்சிரும். வாங்கறவரு சாயங்காலம் வந்துருவாரு."

அவள் இறங்கி, கேட் இருந்த இடம்வரை நடந்து, காரைத் திரும்பிப் பார்த்தாள். கையை அசைக்கும்படி சபீர் உள்ளேயிருந்து சைகை செய்தார்.

கோகிலவாணி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கார் காத்திருந்தது.