பத்து மணிக் கல்யாணம்

"முப்பது வருஷமா ஊருக்கே கல்யாணம் பண்ணி வச்சவரு, என் பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் படுத்துக்கிட்டாரா?"

போதகர் வீட்டு வாசலில் மணப்பெண்ணின் அம்மா கொதித்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்மா. சின்னப் பாஸ்டர் நடத்தி வைப்பாரு," என்றாள் போதகரின் மனைவி, கதவை மறித்து நின்றபடி.

"போன வாரம் நான் சண்டை போட்டதை மனசுல வச்சிருக்காரு. தள்ளுங்க, நானே எழுப்பறேன்."

"தூங்குறாரு. வேண்டாம்."

"பணக்கார வீட்டுக் கல்யாணம்னா ஓடியிருப்பாரு!" முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிரிலிருந்த தேவாலயத்துக்குப் போனாள்.

தேவாலயத்தில் மணி அடிப்பவர் போதகர் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். "அம்மா, கண்டதையும் பேசிட்டுப் போறாங்களே. எனக்கு இருப்புக் கொள்ளல."

"கல்யாணம் முடியட்டும்ணே. வாயைத் தொறக்காதீங்க."

பாட்டுச் சத்தம் வந்தது. பிரசங்கம் நீண்டது. போதகரின் மனைவி உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் படுக்கையறைக் கதவுக்குமாக அலைந்தாள். மணமக்களின் கார் தெருமுனை திரும்பியதும்தான் மணி அடிப்பவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் ஓடினார்.

மணப்பெண்ணின் அம்மா தட்டில் கேக்கோடு திரும்பி வந்தாள். "கோவத்துல பேசிட்டேன், ஐயாவுக்குக் குடுங்க." மணி ஒலித்தது. சற்று இடைவெளி விட்டு மறுபடி ஒன்று. அவள் முகம் மாறியது. "இது சாவு மணியாச்சே. யாரு?"

போதகரின் மனைவி கதவைவிட்டு விலகி வழிவிட்டாள்.

"போய்ப் பாருங்க. உங்க பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு, விடியக்காலையில சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு."