பெட்டிக்குள் எத்தனை பேர்

கண்டியில் மழை விட்டும் விடாத ஒரு பின்னேரம். அஸ்கிரிய மேட்டு வாடகை வீட்டின் ஒரே நல்ல கதிரையில் சார்ஜன்ட் பண்டார உட்கார்ந்திருக்கிறார். யுத்த காலமாகையால் யாழ்ப்பாணத்தார் இருக்கும் வீடுகளைப் பதிய வந்தவர். அவர் தொப்பியிலிருந்து சொட்டும் தண்ணீர் சீமெந்துத் தரையில் குட்டிக் குளம் கட்டுகிறது. "நாங்கள் ரெண்டு பேர்தான் சேர்" என்று சொல்லிவிட்டு, அங்கே குடியிருக்கும் சிவரூபன் பக்கத்தில் நிற்கிறான். சார்ஜன்டின் பார்வை மேசையிலுள்ள கம்பியூட்டர் பெட்டியைத் தடவி, திரையில் தெரியும் பட்டியலில் குத்திட்டு நிற்கிறது.

"மிசின் ஆறு போட்டு இருக்கு. பெட்டி ஒண்ணுதானே? மத்தது எங்க ஒளிச்சது?"

"எல்லாம் இதுக்குள்ளதான் சேர். மென்பொருளாலை செய்த மிசின்கள். ரெண்டுக்கு ஒரே நம்பர் விழுந்தால் நெட்வேர்க் குழம்பிப்போகும். அதாலை ஒவ்வொண்டுக்கும் வேற வேற நம்பர்."

"கீழ இன்னும் நாலு நம்பர் இருக்கு?"

"அது இனிச் செய்யப்போற மிசின்களுக்கு. முன்னுக்கே ஒதுக்கி வைச்சிட்டன்."

பேனை அந்தரத்தில் நிற்கிறது. தகரக் கூரையில் தூறல் மறுபடி தாளம் போடுகிறது. தேத்தண்ணீரோடு வந்த அவன் மனைவி சுகந்தினி, எட்டு மாத வயிறு மேசையில் முட்டாமல் பக்கவாட்டில் நின்று கோப்பையை நீட்டுகிறாள்.

"அப்ப சேர், எங்கட பிள்ளையையும் இப்பவே பதிஞ்சுவிடுங்கோ. பிறந்த கையோட பொலிசுக்கு அலைய ஏலாது."

சிவரூபன் கண்ணை மூடிக்கொள்கிறான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. ஒரு மிடறு குடிக்கிறார். அந்த ஒற்றைப் பெட்டியைப் பார்க்கிறார். பிறகு சுகந்தினியின் வயிற்றைப் பார்க்கிறார். பேனையைத் தாளில் ஊன்றி, மிகுந்த எச்சரிக்கையோடு கேட்கிறார்:

"அதுக்குள்ள எத்தனை பேர்?"