நூறு வாட்ஸ் பல்பு

"சுவத்துப் பக்கமே நீங்க பாக்கக் கூடாது. சுவிட்சு கண்ணுல பட்டாலும் கை ரெண்டும் மடியிலயே இருக்கணும். சரிங்களா?"

பஸ் தருமபுரியை விட்டு பொம்மிடி ரோட்டில் திரும்புவதற்குள் மிக்கேலம்மாள் இதை மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டாள்.

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றார் அவள் கணவர் சவரிமுத்து.

"சின்னப் புள்ளையா இருந்தா கையில முட்டாயி குடுத்து உக்கார வெச்சிருப்பேனே!"

மாரண்டஹள்ளியில் சவரிமுத்துவின் கரண்டு சிக்கனம் பிரசித்தம். வீட்டில் மூன்று அறை, ஒரே பல்பு. சமைக்கும்போது அது அடுப்படியில் தொங்கும். சாப்பிட உட்கார்ந்தால், துணியைச் சுற்றிக் கழற்றிக்கொண்டு வந்து கூடத்தில் மாட்டுவார். ஜெபமாலை சொல்லும்போது அதுவும் கிடையாது. "மாதாவுக்கு இருட்டுலயும் காது கேக்கும்" என்பார். மிக்கேலம்மாளும் இருபத்துமூன்று வருஷமாகச் சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள். ஒருநாள் இருட்டில் படி தடுக்கி அவள் கால் நகம் பெயர்ந்தபோதுகூட, "பாத்து நடக்கிறதில்லையா?" என்றுதான் கேட்டார். எதைப் பார்த்து நடப்பதாம்?

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். போன மாதம் கம்பைநல்லூரில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மகள் பாக்கியமேரிக்குப் பார்த்த மாப்பிள்ளை வீடு அது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார். அந்த அரை நிமிஷத்தில் இந்த மனுஷன் போய் ஃபேனை நிறுத்திவிட்டார். துப்பிவிட்டு வந்த மாமன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி.

இன்றைக்குப் பார்க்கப்போகும் பையனுக்கு ரயில்வேயில் வேலை. கோயில் திருவிழாவில் பாக்கியத்தைப் பார்த்துவிட்டு, அவர்களாகவே கேட்டு அனுப்பியிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் ஒருதடவை வந்து வீட்டைப் பார்த்துவிட்டால், அப்புறம் கோயிலில் பூசை நேரத்தில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டியதுதான். இதுவும் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்றுதான் மிக்கேலம்மாள் வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டு வந்தாள்.

பையனின் அப்பா ஸ்தனிஸ்லாஸ் வாசலுக்கே வந்து கும்பிட்டு உள்ளே அழைத்துப் போனார். பகல் பதினோரு மணி. ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்க, கூடம் முழுக்க வெயில். அந்த வெயிலில், தலைக்கு மேலே நூறு வாட்ஸ் பல்பு ஒன்று ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

சவரிமுத்துவின் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது. ஸ்தனிஸ்லாஸ் மழையைப் பற்றிப் பேசினார், தக்காளி விலையைப் பற்றிப் பேசினார். இவர் எல்லாவற்றுக்கும் பல்பைப் பார்த்தே தலையாட்டினார்.

"வெளிச்சம் பத்துதுங்களா?" என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டார்.

"தாராளமா இருக்குதுங்கண்ணா" என்று மிக்கேலம்மாள் முந்திக்கொண்டாள்.

"பேசிட்டிருங்க, காப்பி ஆச்சான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று அவர் எழுந்து உள்ளே போனார்.

சவரிமுத்து குரலைத் தாழ்த்தினார். "புள்ள, கூடத்துல இப்ப யாருமில்ல. ஒரே ஒரு தட்டு தட்டிட்டு வந்துடறேன்."

"எந்திரிச்சீங்கன்னா நான் இப்பிடியே எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன்."

"பகல்ல எரியுது புள்ள! நெஞ்சு பொறுக்கல."

"பெரிய மனசுக்காரங்க வூட்டுல அப்பிடித்தான் எரியும். பொண்ணு நல்லாயிருக்கணும்னா பேசாம உக்காருங்க."

அவள் அவர் வேட்டி நுனியைக் காலால் மிதித்துக்கொண்டாள். பாவம், மனுஷன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. காப்பி வந்தது, பலகாரம் வந்தது. ஒரு மணி நேரம் பல்பும் எரிந்தது, அவரும் எரிந்தார். ஆனால் அசையவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மிக்கேலம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எம்மாம் தாராளமான குடும்பம்! எம்பொண்ணாச்சும் நல்ல வெளிச்சத்துல வாழட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டிய நாளிலிருந்து முதல்முறையாகப் புருஷன் தன் பேச்சைக் கேட்ட பெருமையும் அவளுக்கு இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பதில் கொண்டுவந்தாள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேசிய இன்னாசியம்மாள். அவள் முகமே சரியில்லை.

"வேணாம்னுட்டாங்கக்கா."

"ஏன்? எம்பொண்ணுக்கு என்ன கொறை?"

"பொண்ணை ஒரு கொறையும் சொல்லல. உங்க ரெண்டு பேரைத்தான் புடிக்கலையாம். 'பகல்ல எரியற லைட்டை ஒரு மணி நேரமா பாத்துக்கிட்டு கல்லாட்டம் உக்காந்திருந்தாங்க. எந்திரிச்சு நிறுத்தணும்னு புருசனுக்கும் தோணல, பொண்டாட்டிக்கும் தோணல. அந்த வூட்டுல வளந்த பொண்ணு எங்குடும்பத்தை மூணே மாசத்துல அழிச்சுடும்'னு பையனோட அப்பா சொல்லிட்டாரு."

"அவரு வூட்டு லைட்டை நாங்க எப்பிடிம்மா நிறுத்தறது?"

"அதானேக்கா விசயமே! நீங்க தெருமுனையில வர்றதைப் பாத்துட்டு, வேணும்னே போட்டு வெச்சாராம். பாக்க வர்ற பொண்ணு வூட்டுக்காரங்களுக்கெல்லாம் அந்தக் கஞ்சப் பிரபு வெக்கிற பரிட்சையே அதுதானாம்."

ஆயுசு முழுக்க அந்தப் பரீட்சைக்கே படித்து வைத்திருந்த சவரிமுத்து, மெல்லத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார்.